வெண்கலத்தில் வாழும் விலங்குகள்

பிரம்மோற்சவக் காலத்தில் திருமலை மாட வீதிகளில் அன்னமும் சிம்மமும் யானையும் குதிரையும் இறைவனைத் தாங்கி வரக் கண்டு கைகூப்பும் பேறு, திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு ஆண்டுதோறும் வாய்க்கிறது. வழிபாட்டில் விலங்கினத்திற்கு இடமளிக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பழஞ்சீனத்திலும் அது வேறொரு வடிவில் தழைத்திருந்தது.

மூவாயிரம் ஆண்டுகட்கு முன் சாங் மரபினர் அரசாண்ட காலத்தே, சீனர் தம் முன்னோர்க்கு மதுவும் உணவும் படைத்தற்கென வெண்கலக் கலங்களை வார்த்தனர். அவற்றுட் சில விலங்கு, பறவை வடிவாகவே அமைந்தன. 1976-இல் அன்யாங் நகரருகே கண்டறியப்பெற்ற ஃபூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறையில் ஆந்தை வடிவ மதுக்கலங்கள் இரண்டு கிடைத்தன. 1975-இல் ஹூனான் மாநிலத்தில் கிடைத்த யானைக் கலத்திற்கோ, உயர்த்திய துதிக்கையே மூக்கு! களிமண் அச்சுகளைத் துண்டுகளாகச் செய்து பொருத்தி, உருக்கிய உலோகத்தை உள்ளே ஊற்றுதல் அவர்தம் முறை. மெழுகில் உருச் சமைத்து வார்த்தல் நம் சோழநாட்டுச் சிற்பியர் முறை.

தமிழகத்தில் இதற்கு இணையாக யாதுளது எனின், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரைச் சுட்டலாம். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த பண்டைய இடுகாடு அது. 1876-இல் அங்கு அகழ்ந்த ஜெர்மானியர் யாகோர், தாம் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899-க்கும் 1905-க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. வெண்கலக் கலங்களையும் மூடிகளையும் எருமை, ஆடு, சேவல், புலி, யானை ஆகிய உருவங்கள் அணிசெய்கின்றன. வயலிலும் முற்றத்திலும் காட்டிலும் தாம் கண்ட உயிர்களையே அம்மக்கள் மறைந்தோர்க்குத் துணையாக வைத்தனர் போலும்.

சீனரிடம் நாம் கற்றோம் என்பதற்கோ, அவர்க்கு நாம் கற்பித்தோம் என்பதற்கோ சான்றில்லை. சான்றற்ற பெருமை நமக்கு வேண்டா. உள்ள பெருமையை அறியாதிருத்தலும் தகாது. ஆதிச்சநல்லூரில் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என 2020-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நம் சிறுவர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது நன்றே. ஆயினும் திருமணத்திற்கும் துணிமணி வாங்குதற்கும் சென்னை செல்லும் நாம், ஒரு பிற்பகலை எழும்பூருக்கு ஒதுக்கலாகாதா? திருச்செந்தூர் செல்வோர் வழியில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள அவ்வூரையும் காணலாமே. மூதாதையர் மண்ணை மக்களுக்குக் காட்டுதல் பெற்றோர் கடன்.