கட்டுப்பாடு ஒருவர் கையில், பொறுப்பு இன்னொருவர் தலையில்: பாலஸ்தீனத்தில் தடுப்பூசியின் வரலாறு

2021 மார்ச் 8 அன்று, மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் நுழையும் சோதனைச் சாவடிகளில் இஸ்ரேல் அரசு தடுப்பூசி முகாம்களைத் தொடங்கியது. இஸ்ரேலுக்குள்ளும் யூதக் குடியேற்றங்களிலும் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்களுக்கு மாடர்னா தடுப்பூசி போடுவது திட்டம். பெரும்பாலும் கட்டட வேலைக்கும் பண்ணை வேலைக்கும் போகிறவர்கள். காலையில் சாவடியில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். மாலையில் அவர் வீடு திரும்புகிறார். வீட்டில் வயதான தாய் இருக்கிறார். நோய் வந்தால் முதலில் சாகக்கூடியவர் அவர்தான். அவருக்கு ஊசி இல்லை. அவரிடம் அனுமதிச் சீட்டு இல்லை, வேலைக்கு வரமாட்டார்.

அந்த நேரத்தில் இஸ்ரேல் மக்கள்தொகையில் பாதிப் பேருக்கு மேல் முதல் தவணை போட்டு முடித்திருந்தது. உலகத்திலேயே மிக வேகமாகத் தடுப்பூசி போட்ட நாடு என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதே நாட்டின் ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த மேற்குக் கரையிலும் காஸாவிலும் சுமார் 50 லட்சம் மக்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பெருந்தொற்றுக் காலக் குளறுபடி என்று ஒதுக்கிவிட முடியாது. உடல் உழைப்பு மட்டும் வேண்டும், உழைப்பவரின் குடும்பம் வேண்டாம் என்ற கணக்கு ஒரே நாளில் உருவாகாது. அது எப்படி உருவானது என்பதை 1967 இலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

ஆக்கிரமிப்பின் முதல் கட்டம்

1967 ஜூன் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா மூன்றையும் இஸ்ரேல் கைப்பற்றியது. அடுத்த சுமார் 27 ஆண்டுகள் மேற்குக் கரை, காஸா மக்களின் பொதுச் சுகாதாரம் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. பெரிய சிகிச்சைக்கான மருத்துவமனைகள் அங்கே வளர்க்கப்படவில்லை. ஆனால் தடுப்பு மருந்து விஷயத்தில் இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. 1978 முதல் மேற்குக் கரை, காஸாக் குழந்தைகளுக்கு வாய்வழி போலியோ மருந்தும் ஊசி வடிவ போலியோ மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் நடந்தது. அது நன்றாகவே பலன் தந்தது. 1988 இல் இஸ்ரேலுக்குள் போலியோ பரவியபோது, அந்த இரட்டை முறையையே இஸ்ரேல் தன் குழந்தைகளுக்கும் எடுத்துக்கொண்டது.

ஆக்கிரமிப்பு அரசு அன்று கருணையோடு இருந்தது என்று சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட மக்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது தன் வேலை என்பதை இஸ்ரேல் ஒரு காலத்தில் நடைமுறையில் ஏற்றிருந்தது. கிருமிக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதையும் அதன் மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். எனவே 2021 இல் ‘இது எங்கள் பொறுப்பே இல்லை’ என்று சொன்னபோது, அது புதிதாக உருவாக்கிக்கொண்ட நிலைப்பாடு.

ஒஸ்லோ செய்த பங்கீடு

அந்த நிலைப்பாட்டுக்கு வழி வகுத்தது ஒஸ்லோ. 1993 இல் முதல் உடன்பாடு, 1994 இல் பாலஸ்தீன அதிகாரசபை உருவானது, 1995 இல் இரண்டாம் உடன்பாடு. அதன் மூன்றாம் இணைப்பில் 17 ஆவது பிரிவு, சுகாதார அதிகாரங்களையும் பொறுப்புகளையும் பாலஸ்தீனத் தரப்புக்கு மாற்றுகிறது. தடுப்பூசித் திட்டத்தைத் தொடர்வதும் மேம்படுத்துவதும் பாலஸ்தீனத் தரப்பின் வேலை என்கிறது. தொற்றுநோய்களை ஒழிக்க இரு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

பொறுப்பு மாறியது, கட்டுப்பாடு மாறவில்லை. மேற்குக் கரையின் சுமார் 60 விழுக்காடு நிலம் ‘சி’ பகுதி என்ற பெயரில் முழுமையாக இஸ்ரேல் வசம் நின்றது. ஜோர்டானிலிருந்து மேற்குக் கரைக்குள் வரும் பாலமும் இஸ்ரேல் கையில். ஒரு பெட்டி மருந்து வந்தாலும் இஸ்ரேலைக் கடந்துதான் வர வேண்டும். காஸாவில் 2007 முதல் முற்றுகை. 365 சதுர கிலோமீட்டரில் 20 லட்சம் பேர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை வேண்டுமென்றால் கிழக்கு ஜெருசலேமில் உள்ள அகஸ்டா விக்டோரியா மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு இஸ்ரேலிடம் அனுமதி வாங்க வேண்டும். 2017 இல் காஸா நோயாளிகள் கொடுத்த விண்ணப்பங்களில் 54 விழுக்காடுதான் ஏற்கப்பட்டன என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்தது. 2018 இல் டிரம்ப் அரசு, பாலஸ்தீன அகதிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் தரும் ஐ.நா. அமைப்புக்கான நிதியை நிறுத்தியது. கிழக்கு ஜெருசலேம் மருத்துவமனைகளுக்கான நிதியும் வெட்டப்பட்டது.

2020 மார்ச் 5 அன்று பெத்லகேம் பகுதியில் முதல் கொரோனா தொற்று உறுதியானபோது, பாலஸ்தீனச் சுகாதார அமைப்பு இந்த நிலையில்தான் இருந்தது.

பெருந்தொற்று வந்தது, கெடுபிடி நிற்கவில்லை

அதே மாதம் 26 ஆம் தேதி, ஜோர்டான் பள்ளத்தாக்கின் வடக்கே கிர்பெத் இப்ஸிக் என்ற சிறு ஊரில், கள மருத்துவ முகாம் அமைக்க வைத்திருந்த கம்பங்களையும் தார்ப்பாய்களையும் இஸ்ரேல் நிர்வாகம் பறிமுதல் செய்ததை இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் பதிவு செய்தது. ஏப்ரலில் கிழக்கு ஜெருசலேமின் சில்வான் பகுதியில் இயங்கிய கொரோனா பரிசோதனை மையத்தை இஸ்ரேல் காவல்துறை மூடியது. அங்கே எடுத்த மாதிரிகள் பாலஸ்தீன அதிகாரசபையின் ஒத்துழைப்போடு சோதிக்கப்பட்டன என்பதே காரணம். சில்வானைத் தன் நகரம் என்று உரிமை கொண்டாடும் அரசு, அந்த மக்களுக்குப் போதுமான பரிசோதனை வசதியைத் தானும் செய்து தரவில்லை. பிறர் செய்ததையும் விடவில்லை.

யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்

2020 டிசம்பர் 19 அன்று பிரதமர் நெதன்யாகு முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள, இஸ்ரேலின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் உருவான வரிசையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இஸ்ரேல் குடிமக்கள் அனைவருக்கும் ஊசி உண்டு. அவர்களில் பாலஸ்தீனர்களும் அடக்கம். மேற்குக் கரைக்குள் குடியேற்றங்களில் வாழும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களுக்கும் உண்டு. கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனர்களிடம் குடியுரிமை இல்லாவிட்டாலும் வசிப்புரிமை அட்டை இருப்பதால் அவர்களுக்கும் உண்டு. குடியேற்றத்துக்குப் பக்கத்து மலையில் உள்ள பாலஸ்தீனக் கிராமத்துக்கு இல்லை. சிறைகளில் இருந்த சுமார் 4,400 பாலஸ்தீனக் கைதிகளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று அன்றைய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் அமீர் ஒஹானா உத்தரவிட்டார். சிறைக் காவலர்களுக்கு முன்னுரிமை. மனித உரிமை அமைப்புகள் நீதிமன்றம் போயின, எதிர்ப்பு வலுத்தது. 2021 ஜனவரி நடுவில்தான் கைதிகளுக்கு ஊசி தொடங்கியது. பிறகு மார்ச்சில் அனுமதிச் சீட்டுத் தொழிலாளர்கள். எல்லோருக்கும் கீழே, முற்றுகைக்குள் காஸா.

பிப்ரவரி தொடக்கத்தில் இஸ்ரேல் அனுப்பிய 2,000 மாடர்னா ஊசிகளும் ரஷ்யா அனுப்பிய 10,000 ஸ்புட்னிக் ஊசிகளும்தான் பாலஸ்தீன அதிகாரசபையின் கையில் முதலில் இருந்தவை. அதிலிருந்து 2,000 ஊசிகளைக் காஸா மருத்துவப் பணியாளர்களுக்கு அனுப்ப முயன்றபோது, பிப்ரவரி 15 அன்று சாவடியில் தடுக்கப்பட்டன. ஹமாஸ் பிடித்து வைத்திருந்த இஸ்ரேலியர்களையும் உடல்களையும் விடுவிப்பதோடு தடுப்பூசியை இணைக்கலாமா என்று இஸ்ரேல் நாடாளுமன்றக் குழு அதே நாளில் விவாதித்தது. இரண்டு நாள் கழித்தே அனுமதி கிடைத்தது. அதே மாதத்தில், ஜெருசலேமைத் தலைநகராக ஏற்றுத் தூதரகத்தை மாற்றிய குவாத்தமாலா, மாற்றுவதாகச் சொன்ன ஹோண்டுராஸ் போன்ற நாடுகளுக்கு இஸ்ரேல் ஊசி அனுப்பத் தொடங்கியது. அரசின் தலைமை வழக்கறிஞர் தலையிட்ட பிறகே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

உலக நாடுகளின் பகிர்வுத் திட்டமான கோவாக்ஸ் வழியாகப் பாலஸ்தீனத்துக்கு முதல் தொகுதி வந்தது மார்ச் 17 அன்று. 37,440 ஃபைசர், 24,000 அஸ்ட்ராஜெனகா. ஐம்பது லட்சம் பேருக்கு அவ்வளவுதான். ஜூன் 18 அன்று, காலாவதி நெருங்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபைசர் ஊசிகளைத் தருகிறோம், பின்னால் உங்களுக்கு வரும் ஊசிகளைத் திருப்பித் தாருங்கள் என்று ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. முதலில் வந்த சுமார் 90,000 ஊசிகள் அந்த ஜூன் மாதத்திலேயே காலாவதியாகும் என்று தெரிந்ததும், அன்றைக்கே அதிகாரசபை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஜூலையில் இஸ்ரேல் இதேபோன்ற பரிமாற்றத்தில் ஏழு லட்சம் ஊசிகளைத் தென்கொரியாவுக்கு அனுப்பியது.

சட்டம் சொல்வது என்ன?

இஸ்ரேலின் வாதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும். ஒஸ்லோவில் சுகாதாரம் பாலஸ்தீனர்களிடம் போய்விட்டது. அவர்களே தாங்களாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். எங்களுக்கு என்ன கடமை என்பது அந்த வாதம். சுகாதார அமைச்சர் யூலி எடெல்ஸ்டீன் ஜனவரியில் பிபிசி பேட்டியில் இன்னும் ஒரு படி போனார். பாலஸ்தீனர்களை நான் கவனித்தால், பாலஸ்தீனச் சுகாதார அமைச்சர் மத்தியதரைக் கடலில் டால்பின்களையா கவனிப்பார் என்ற பொருளில் கேட்டார்.

1949 ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதன் 56 ஆவது பிரிவின்படி, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் பொதுச் சுகாதாரத்தைப் பேணுவதும், தொற்றுநோய் பரவாமல் தடுப்பு நடவடிக்கை எடுப்பதும், உள்ளூர் நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு ஆக்கிரமித்த அரசு செய்ய வேண்டிய கடமை. உள்ளூர் நிர்வாகத்தோடு போட்ட எந்த உடன்பாட்டைக் காட்டியும் அந்த மக்களின் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்கிறது 47 ஆவது பிரிவு. இந்த ஒப்பந்தம் பாலஸ்தீனப் பகுதிகளுக்குப் பொருந்தும் என்று சர்வதேச நீதிமன்றம் 2004 இலேயே கருத்துரைத்துவிட்டது. 2021 ஜனவரி 14 அன்று ஐ.நா. மனித உரிமை வல்லுநர்களும் இதையே இஸ்ரேலுக்கு நினைவூட்டினார்கள்.

பாலஸ்தீன அதிகாரசபையையும் நாம் கேள்வி கேட்காமல் விட முடியாது. கையில் இருந்த 12,000 ஊசிகளில் ஒரு பங்கு அமைச்சர்களுக்கும் அதிபரின் பாதுகாவலர்களுக்கும் கால்பந்து அணிக்கும் போனதையும், 200 ஊசிகள் ஜோர்டான் அரண்மனைக்குப் போனதையும் அதன் சுகாதார அமைச்சகமே மார்ச் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டது. மருத்துவப் பணியாளர்கள் காத்திருக்கும்போது நடந்த அநியாயம் இது. ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளும் அதிகாரம் உள்ளவர் முந்திக்கொள்வார் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கிடைத்த பன்னிரண்டாயிரத்தை யார் சாப்பிட்டார்கள் என்ற கேள்வி, ஐம்பது லட்சம் பேருக்கு ஏன் பன்னிரண்டாயிரம்தான் கிடைத்தது என்ற கேள்வியை மறைத்துவிடக் கூடாது.

நாம் ஏன் இதைப் படிக்க வேண்டும்

சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கினார். எல்லோரையும் ஒரே குழியில் தள்ளாமல், ஒருவருக்குக் கீழே ஒருவர் என்று அடுக்கி வைப்பதே அதன் பலம். அதனால்தான் ஒடுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்வது கடினமாகிறது. குடிமகன், வசிப்புரிமை அட்டைக்காரர், அனுமதிச் சீட்டுத் தொழிலாளி, மேற்குக் கரைக்காரர், காஸாக்காரர் என்ற அடுக்கைப் பார்க்கும்போது அந்தக் கருத்து நமக்குக் கைகொடுக்கிறது. சாதியும் ராணுவ ஆக்கிரமிப்பும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. இரண்டின் வரலாறும் வேறு, விடுதலைக்கான வழியும் வேறு.

ஆனால் இரண்டு போராட்டங்களும் ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன. 2001 இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில், பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று தலித் இயக்கங்கள் போராடின. இந்திய அரசு எதிர்த்தது. அதே மாநாட்டிலிருந்து பாலஸ்தீனப் பிரச்சினையை ஒட்டி அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறின. இரு தரப்பும் துணைக்கு அழைத்தது 1965 ஆம் ஆண்டின் இனப் பாகுபாடு ஒழிப்பு ஒப்பந்தத்தை. அதில் வரும் பிறப்பு வழி என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002 இல் விளக்கமளித்தது. இனப் பிரிவினையையும் நிற ஒதுக்கலையும் தடைசெய்யும் அதன் 3 ஆவது பிரிவை இஸ்ரேல் மீறுகிறது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துரைத்தது. மாணவர்கள் இந்த ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். அது நம்முடைய ஆவணமும்தான்.

முடியாத கதை

2021 மே மாதத்தில் காஸா மீது 11 நாள் குண்டுவீச்சு நடந்தது. ஷிஃபா மருத்துவமனையின் பொதுமருத்துவத் துறைத் தலைவரும் கொரோனா சிகிச்சைக்குப் பொறுப்பாக இருந்தவருமான மருத்துவர் அய்மன் அபு அல்-அவுஃப், 16 ஆம் தேதி தன் குடும்பத்தினரோடு கொல்லப்பட்டார். மறுநாள் ரிமால் சுகாதார நிலையம் சேதமடைந்து, காஸாவின் ஒரே கொரோனா பரிசோதனைக் கூடம் செயலிழந்தது.

2023 அக்டோபருக்குப் பிறகான போரில் மருத்துவமனைகளும் குடிநீரும் கழிவுநீர் அமைப்பும் நொறுங்கின. 2024 ஜூலையில் காஸாவின் கழிவுநீரில் போலியோ கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு வாதம் உறுதியானது. 25 ஆண்டுகளில் காஸா கண்ட முதல் போலியோ அது. காஸாவில் போரிடும் தன் படைவீரர்களுக்குப் போலியோ மருந்து கொடுப்பதாக இஸ்ரேல் ராணுவம் ஜூலையிலேயே அறிவித்தது. குழந்தைகளுக்கான முகாம்கள் செப்டம்பர் 1 அன்று, அங்கங்கே சில மணிநேரம் குண்டுவீச்சை நிறுத்தி வைத்து, தொடங்கின. முதல் சுற்றிலேயே ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. போர் நடக்கும் இடத்திலும், வழி விட்டால் சில நாட்களில் மருந்து சேரும் என்று அந்தப் பணியாளர்கள் காட்டினார்கள்.

எனவே, ஏழ்மையால் ஊசி வரவில்லை, நிர்வாகத் திறமை இல்லாததால் வரவில்லை என்று யாராவது சொன்னால், நாம் இரண்டு கேள்விகள் கேட்போம். வழி யார் கையில் இருக்கிறது? பழி யார் தலையில் விழுகிறது? இரண்டுக்கும் விடை ஒரே ஆளாக இல்லாவிட்டால், அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குத் தேதி உண்டு, ஆவணம் உண்டு, கையெழுத்து உண்டு. தேடி எடுத்துப் படிக்க வேண்டியது நம் வேலை.