காஞ்சி மதுக்கடையும் பாலாற்று முகத்துச் சாடியும்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நாசிக் பக்கம் போய், திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒவ்வொரு ஒயினாக ருசி பார்த்துவிட்டு வருவது இப்போது ஒரு ஃபேஷன். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம் என்ற இந்த முக்கோணத்தில் குடியின் கதை ரொம்பப் பழசு. அதை எழுதியவர்களில் ஒருவர் ராஜா என்பது கூடுதல் சுவாரசியம்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் என்று ஒரு ஊர். அங்கே குன்றைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் (ஏறக்குறைய கி.பி. 600-630) கீழ் இருந்த வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன் என்று ராஜாவின் பட்டப்பெயர்களும் அதில் வரிசையாக வருகின்றன. இவருக்கு இன்னொரு பட்டம் மத்தவிலாசன். போதையில் திளைப்பவன் என்று தாராளமாக மொழிபெயர்க்கலாம். அதே பெயரில் இவர் சமஸ்கிருதத்தில் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம்தான் மத்தவிலாசப் பிரகசனம். கேரளத்தில் கூடியாட்டக்காரர்கள் இதை விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவடி 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியின் பதிப்பாக அச்சேறியது.

கதை என்ன? சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் காஞ்சித் தெருவில் தள்ளாடியபடி வருகிறார்கள். போதையில் அவள் பெயரை மாற்றிச் சொல்லிவிடுகிறான். யார் அந்த இன்னொருத்தி என்று அவள் முறைக்கிறாள். எல்லாம் இந்தக் குடியால் வந்த வினை, இன்றோடு விட்டேன் என்கிறான் அவன். உடனே அவள் பதறிப் போய், எனக்காக உங்கள் தவத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று காலில் விழுகிறாள்! ஆக மொத்தம், அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

அந்தக் கடையைப் பார்த்ததும் காபாலிகனுக்கு யாகசாலை மாதிரித் தெரிகிறது. கொடிக்கம்பம் யூபம், மது சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், சுட்ட இறைச்சி அவிர்ப்பாகம், உளறல்கள் யஜுர் மந்திரம், கடைக்காரன் எஜமானன். பிச்சைப் பாத்திரமான மண்டையோடு தொலைந்துபோனது அங்கேதான் தெரிகிறது. மாட்டுக் கொம்பில் வாங்கிக் குடித்துவிட்டுத் தேடக் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு பௌத்த பிக்கு மாட்டுகிறார். விருந்து சாப்பிட்டு வரும் பிக்குவுக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு கருணை உள்ள புத்தர் மதுவை மட்டும் எப்படித் தடுத்திருப்பார்? மூலநூலில் அனுமதி இருந்திருக்கும், பொறாமை பிடித்த கிழட்டு பிக்குகள் அதை அழித்திருப்பார்கள், அழிக்காத பிரதி எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே நடக்கிறார். கடைசியில் மண்டையோட்டைத் தூக்கிப் போனது ஒரு நாய் என்று தெரியவருகிறது.

சிரிப்புக்குத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த பிக்குவின் கேள்வி சரித்திரம் படிப்பவர்களுக்கும் உள்ளதுதான். எது எழுத்தில் தங்கியது, எது அழிந்துபோனது?

இப்போது மகேந்திரனுக்கும் ஐந்நூறு வருஷம் முந்திப் போவோம். கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்ற சின்ன ஊர். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை (நாகசாமி, அப்துல் மஜீத் ஆகியோர்) இங்கே தோண்டியபோது உறைகிணறும் ரௌலட் பானை ஓடுகளும், கூடவே ஆம்போரா என்ற சாடியின் துண்டுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடியும் கூரான அடியும் கொண்ட மத்தியதரைக்கடல் சாடி. கப்பலில் நெருக்கி அடுக்க வசதியான வடிவம். உள்ளே கசியாமல் இருக்க மரப்பிசின் பூசுவார்கள். அந்தக் காலத்து கன்டெய்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் இவை நிறையவே கிடைத்தன (வீலர் அங்கே தோண்டியது 1945-இல்). எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். பல சாடிகள் கிரேக்கத் தீவான கோஸின் பாணியைச் சேர்ந்தவை. கோஸ் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பது வழக்கம். கெடாமல் இருக்க உதவும் என்று நம்பினார்கள். உப்புக் கரிக்கும் ஒயின்! கூடவே ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்புச் சாடிகளும் இருந்தன. எனவே சாடியைக் கண்டாலே ஒயின் என்று முடிவு கட்டக்கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்தியாவில் ரோமானியச் சாடி என்று எழுதி வைத்த ஓடுகளில் பல உண்மையில் மெசபடோமியாவிலிருந்து வந்த, உள்ளே கீல் பூசிய வேறு சாடிகள் என்று ராபர்ட்டா டோம்பர் 2007-இல் காட்டினார்.

அப்படியானால் தமிழன் யவனர் மதுவைக் குடித்தானா? குடித்தான், ஆனால் யார் என்பதுதான் கேள்வி. புறநானூறு 56-இல் நக்கீரர், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பெண்கள் பொன் கிண்ணத்தில் ஊற்றித் தர அருந்தச் சொல்லி வாழ்த்துவது பாண்டியன் நன்மாறனை. அரசனை! பெரிப்ளஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடும் (கி.பி. முதல் நூற்றாண்டு) முசிறியில் இறங்கும் ஒயின் அதிகமில்லை என்றுதான் சொல்கிறது.

மற்றவர்கள் என்ன குடித்தார்கள்? பதில் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைப் பாணனுக்குச் சொல்லும் பாட்டு. பாணன் போகிற வழியெல்லாம் சாப்பாடும் குடியும்தான், பேசாமல் டூர் கைடு என்றே சொல்லலாம். வலைஞர் வீட்டில் கிடைப்பது ஒரு அரிசி பானம். அரிசியைக் குழையக் காய்ச்சி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவிட்டு, முளைவிட்ட தானியத்தை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவைத்துப் பிழிவது. முளை தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அது புளித்து மதுவாகும். பீர் செய்யும் அதே வேலை. அடுத்து வருவது நீர்ப்பெயற்று என்ற துறைமுகம். மாமல்லபுரம்தான் அது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அங்கே கள் காய்ச்சும் பெண்கள் கிண்ணம் கழுவிய தண்ணீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றனவாம். அந்தப் பட்டினத்தில் பாணனுக்குப் பன்றிக்கறியும் கள்ளும் விருந்து. யவனர் சரக்கு இறங்கிய அதே கடற்கரைதான், ஆனால் வழிப்போக்கன் கைக்கு வந்தது உள்ளூர்க் கள்.

இங்கேதான் ஒரு கணக்குச் சிக்கல். யவனச் சாடிக்குத் தனி வடிவம் இருக்கிறது, உடைந்த கைப்பிடியைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம். கள் ஊற்றிய பானையும் தண்ணீர் ஊற்றிய பானையும் ஒரே குயவன் செய்த ஒரே பானை. உடைந்தால் இரண்டும் வெறும் ஓடு. எனவே மியூசியத்தில் ரோமானிய ஒயினுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கிறது, ஆயிரம் மடங்கு அதிகமாகக் குடிக்கப்பட்ட கள்ளுக்கு ஒரு சீட்டு கூடக் கிடையாது. உருத்திரங்கண்ணனார் அந்தச் சேற்றையும் பன்றியையும் எழுதாமல் விட்டிருந்தால், இந்தக் கரையில் எல்லோரும் கோஸ் தீவு ஒயின்தான் குடித்தார்கள் என்று யாராவது எழுதியிருப்பார்கள். (இப்போதும் எழுதுகிறார்கள், அது வேறு விஷயம்.)

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறைக் கடைகளை நடத்துவது டாஸ்மாக். அங்கே ஒயின் பாட்டில் சட்டப்படி கிடைக்கும். பாலாற்று முகத்துப் பக்கம் பனைமரங்கள் இன்னும் நிற்கின்றன. பானையைக் கட்டினால் உள்ளே சுண்ணாம்பு தடவி பதநீர்தான் இறக்கவேண்டும்.