இரண்டு ஹாம்ஸ்டெட்டும் ஒரு மருத்துவரும்

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஓர் ஊரின் பெயரைத் தேடும்போது, அதே பெயருடைய மற்றோர் ஊர் வேறொரு மூலையிலே தட்டுப்படுவதுண்டு. ஹாம்ஸ்டெட் என்பது அத்தகைய பெயர். ஒரு ஹாம்ஸ்டெட் லண்டன் மாநகரின் வடபகுதியில், மேட்டு நிலத்தில், செல்வரும் எழுத்தாளரும் வாழ்ந்து புகழ் பெற்ற பகுதி. மற்றொன்று கரிபியன் கடலிலே, நம் பினாங்குத் தீவினும் சற்றே பெரியதான கிரனடாத் தீவில் உள்ள ஒரு சிற்றூர். நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு ஆங்கில, ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள் எவ்வாறு வாய்த்தனவோ, அவ்வாறே அச்சிற்றூருக்கும் அப்பெயர் வாய்த்தது. ஆண்டவர்கள் தம் ஊர்ப் பெயர்களையும் கப்பலேற்றிக் கொண்டு சென்றார்கள்.

சிறிய ஹாம்ஸ்டெட்டிலே பிறந்த ஒருவர், பெரிய ஹாம்ஸ்டெட்டின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் செல்ல 1959-ஆம் ஆண்டில் வாக்குக் கேட்டு நின்றார். அவர் பெயர் டேவிட் பிட். தொழிலால் மருத்துவர். பிரிட்டனின் பெருங்கட்சி ஒன்றின் வேட்பாளராகப் பொதுத் தேர்தலில் நின்ற முதல் மேற்கிந்தியக் கருப்பினத்தவர் அவரே. அவர் வெற்றி பெறவில்லை. வென்றவர் வரலாறு எழுதப்படுவது இயல்பு. தோற்ற இவருடைய வரலாறு நமக்கு ஏன் வேண்டும் என்பதை இக்கட்டுரையின் முடிவில் வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

தீவிலிருந்து எடின்பரோவுக்கு

டேவிட் பிட் 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் பிறந்தார். கிரனடா அப்போது பிரிட்டிஷ் முடியாட்சிக் குடியேற்ற நாடு. பெரும்பாலான மக்கள், தோட்டங்களிலே அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கரின் வழிவந்தோர். அத்தகைய தீவிலிருந்து உயர்கல்விக்குக் கடல் கடப்பதென்றால் அதற்கிருந்த வாயில் மிகக் குறுகியது. தீவின் தலைசிறந்த மாணாக்கனுக்கு அளிக்கப்பெறும் உபகாரச் சம்பளமே அவ்வாயில். 1932-இல் அதனை வென்ற பிட், ஸ்காட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக் கழகத்திலே மருத்துவம் பயின்று 1938-இல் சிறப்புடன் தேறினார்.

எடின்பரோவில் அவர் கற்றது மருத்துவம் மட்டுமன்று. அந்நகரின் நெருக்கமான சேரிகளில் வெள்ளைத் தொழிலாளர் வறுமையால் வாடி நோய்ப்பட்டுக் கிடந்ததைக் கண்டார். நோய்க்கு வேர் உடம்பில் மட்டும் இல்லை, வீட்டிலும் கூலியிலும் உண்டு என்பதையும், வறுமைக்கு நிறம் கிடையாது என்பதையும் அங்குதான் உணர்ந்தார். இவ்வுணர்ச்சியே அவரைச் சமதர்மக் கொள்கையின் பக்கம் திருப்பிற்று.

படிப்பு முடித்துக் கரிபியன் திரும்பிய அவர், டிரினிடாட் தீவின் தென்பகுதியிலுள்ள சான் பெர்னாண்டோ நகரில் மருத்துவத் தொழில் நடத்தினார். அந்நகரைச் சூழ்ந்தவை கரும்புத் தோட்டங்கள். 1845-ஆம் ஆண்டு முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டோர் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற நம்மவரும் உண்டு. ஆகவே, கரும்புக் காட்டு உழைப்பும் லயத்து வாழ்வும் எத்தகையன என்பதை அவ்வட்டாரத்து மருத்துவர் எவரும் அறியாதிருக்க முடியாது.

பிட் நகரசபையில் இடம் பெற்றுத் துணை மேயராகவும் பணியாற்றினார். 1943-இல் மேற்கிந்தியத் தேசியக் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். சுயாட்சியும், தீவுகள் அனைத்தும் இணைந்த கூட்டாட்சியும் வேண்டுமென்பது அக்கட்சியின் குரல். 1947-இல் அக்கோரிக்கையை ஏந்தி லண்டன் சென்ற குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். அரசாங்கம் செவி சாய்க்கவில்லை. கோரிக்கை பலிக்காத அதே ஆண்டில், பிட் லண்டனிலேயே குடியேறினார்; பின்னர் யூஸ்டன் புகைவண்டி நிலையத்திற்கு அணித்தாக ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். மேற்கிந்தியரை ஏற்றிக்கொண்டு 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் டில்பரித் துறைமுகத்தை அடைந்தது 1948 ஜூன் மாதத்தில். பிரிட்டனின் தேசிய நல்வாழ்வுச் சேவை தொடங்கியது அதே ஆண்டு ஜூலையில். இவ்விரண்டுக்கும் முன்னரே பிட் லண்டனில் குடியேறியிருந்தார். அவருடைய வைத்தியசாலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. வெள்ளையரும் கருப்பரும் அங்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்த இயக்கத்தின் தொடக்க கால அலுவலகத்திற்கும் அவ்வைத்தியசாலையின் நிலவறையே இடமளித்தது.

சட்டம் திறந்த கதவு

இங்கு ஒரு செய்தியை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். குடியேறிய ஒருவர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்பதற்குப் பிரிட்டிஷ் சட்டம் தடையாக இல்லை. பிரிட்டிஷ் பிரஜைகளாகவும் காமன்வெல்த் குடிகளாகவும் இருந்தோர் அங்கு வாக்களிக்கலாம், தேர்தலிலும் நிற்கலாம். பம்பாய்ப் பார்ஸியரான தாதாபாய் நௌரோஜி, 1892-இலேயே லண்டனின் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தவர். எனவே சட்டத்தின் கதவு திறந்தே கிடந்தது. வாக்காளர் மனக்கதவு எவ்வளவு திறந்திருந்தது என்பதே கேள்வி.

1958-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கருப்பினத்தார் மீது கும்பல்கள் பாய்ந்தன. மறு ஆண்டு மே மாதம் கெல்சோ காக்ரேன் என்னும் ஆண்டிகுவாத் தீவு இளைஞர் அதே வட்டாரத் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். இச்சூழலில்தான், 1959 அக்டோபர் 8-ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில், தொழிற்கட்சி டாக்டர் பிட்டை ஹாம்ஸ்டெட் தொகுதியில் நிறுத்தியது. எதிர்த்து நின்றவர் கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்த அமைச்சர் ஹென்றி புரூக். அத்தொகுதியோ 1885-இல் அமைந்த நாள் தொட்டு ஒருமுறையேனும் கன்சர்வேடிவ் கட்சியின் கையை விட்டுப் போனதில்லை. தொழிற்கட்சி முதன்முறையாக அங்கு வென்றது 1966-இல்தான். ஆகவே பிட் வெல்வார் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலர். ஆனால் தோல்வியினும் கொடிது, தேர்தல் நடந்த விதம். அவர் பேசிய கூட்டங்களில் நிறவெறியர் புகுந்து கூச்சலிட்டுக் கலகம் விளைத்தனர். அவருக்கும் குடும்பத்தாருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை, இறுதிவரை நின்று தோற்றார்.

கிளாப்பத் தொகுதியில் நேர்ந்தது

ஹாம்ஸ்டெட் தோல்வி அவரை வீட்டில் முடக்கிவிடவில்லை. 1961-இல் ஹாக்னி வட்டாரத்தின் சார்பாக லண்டன் மாவட்ட மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 டிசம்பரில் மார்ட்டின் லூதர் கிங் நோபெல் பரிசு பெறச் செல்லும் வழியில் லண்டனில் தங்கினார். அவ்வருகை தந்த ஊக்கத்தால், நிறவேற்றுமையை எதிர்க்கும் இயக்கம் ஒன்று உருவாயிற்று. அதன் தலைவராகப் பிட் விளங்கினார். உள்விவகாரங்களால் அவ்வியக்கம் சில ஆண்டுகளில் சிதைந்து போனது உண்மையே. எனினும் நிறவேற்றுமையைத் தடுக்கும் முதற் சட்டம் 1965-இலும், வீடு, வேலை ஆகியவற்றுக்கும் அதனை விரித்த சட்டம் 1968-இலும் பிறந்ததில் அத்தகையோர் எழுப்பிய குரலுக்குப் பங்குண்டு.

1970 ஜூன் 18-இல் மீண்டும் பொதுத் தேர்தல். இம்முறை தெற்கு லண்டனில் உள்ள கிளாப்பம் தொகுதி. 1966-இல் தொழிற்கட்சி வென்ற இடம் அது. மலையில் முட்டிக்கொள்ளும் நிலை இல்லை. வேட்பாளரும் அறிமுகமற்றவர் அல்லர். பல ஆண்டுகள் அந்நகரில் மருத்துவம் பார்த்தவர், ஒன்பது ஆண்டுகள் நகராட்சிப் பணியில் இருந்தவர். ஆயினும் ஈராண்டுகளுக்கு முன், 1968 ஏப்ரலில், ஈனாக் பவல் பர்மிங்ஹாம் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவு குடியேற்றத்தைப் பற்றிய அச்சத்தை நாடெங்கும் கிளறி விட்டிருந்தது. அத்தேர்தலில் தொழிற்கட்சியிலிருந்து கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்குகள் சாய்ந்த அளவு நாடு முழுவதும் சராசரி ஏறத்தாழ 5 விழுக்காடு. கிளாப்பத்திலோ ஏறத்தாழ 10 விழுக்காடு, அதாவது இரு மடங்கு! வில்லியம் ஷெல்டன் என்னும் கன்சர்வேடிவ் வேட்பாளர் வென்றார். மேலதிகமாகச் சாய்ந்த அந்த ஐந்து விழுக்காட்டுக்கு, வேட்பாளரின் நிறத்தை விட்டால் வேறு தக்க காரணம் காண்பது அரிது.

வியப்பு என்னவெனில், அதே காலத்தில் பிரிட்டனின் மருத்துவமனைகள் குடியேறியோர் கைகளாலேயே இயங்கி வந்தன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் டாக்டர்களும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த செவிலியரும் இல்லையேல் பல பிரிவுகளை மூடிவிட நேர்ந்திருக்கும். நம் மலேசியாவிலிருந்தும் இளம்பெண்கள் பலர் அங்கு தாதியர் பயிற்சிக்குச் சென்று பணியாற்றியதை நம்மிற் பலர் அறிவர். நாடி பார்க்க அயலான் வேண்டும். நாடாள அயலான் வேண்டாம் என்பதே நிலை.

நம் வீட்டு முற்றத்திலும்

வெள்ளையனின் நிறவெறி என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் என் இளமையில் கண்ட ஒன்றை இங்கு மறைத்தால் ஆசிரியன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

நான் பிறந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஒருவர் இருந்தார். நம் மக்களோடு மக்களாய்ப் பழகினாலும் அவர் பேச்சு வேறு, ஊர் வேறு. எத்தனையோ இரவுகளில் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்திருக்கிறார். என் தந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து உயிரைக் காத்தவர் அவர். ஓராண்டு கோயில் கமிட்டித் தலைவர் தேர்தலில் அவர் பெயரை யாரோ முன்மொழிந்தனர். கை தூக்கியோர் ஐந்தாறு பேரே. என் தந்தை கை தூக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் நான் காரணம் கேட்டேன். "ஊசி போட ஐயா போதும்டா. நமக்காகப் பேச நம்ம ஆளுதான் வேணும்" என்றார்.

என் தந்தை கெட்டவர் அல்லர். நன்றி மறந்தவரும் அல்லர். அடுத்த நாள் காலையிலேயே அந்த டிரசர் வீட்டுக்கு வாழைத்தார் ஒன்று கொடுத்தனுப்பினார். ஆனால் அவர் சொன்னதையே கிளாப்பத்து வாக்காளர் ஆங்கிலத்தில் நினைத்தனர் என்பது எனக்குப் பல்லாண்டுகள் கழித்து, டாக்டர் பிட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று. ஒருவனிடம் உடம்பை ஒப்படைப்பது தேவையால் நேர்வது. தன் குரலை ஒப்படைப்பதோ, 'இவன் நம்மவன்' என்று உள்ளம் ஒப்பிய பிறகே நேர்வது. முதலாவதைக் கொடுத்தவர் இரண்டாவதையும் கொடுத்துவிட்டதாக எண்ணி நாம் ஏமாறுகிறோம். குடியேறியவன் எத்துணைப் பயன்பட்டாலும், பயன்பாடு வேறு, உரிமை வேறு. இதைப் பிறரிடத்தில் கண்டு வருந்தும் நாம், நம்மிடத்திலும் கண்டு நாணவேண்டும்.

தோல்வி ஈன்ற பயன்

1970-க்குப் பிறகு பிட் மீண்டும் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கவில்லை. ஆயினும் 1974-இல் பெருநகர லண்டன் மன்றத்தின் தலைவரானார். அப்பதவியை வகித்த முதற் கருப்பினத்தவர் அவர். 1975-இல் பிரபுக்கள் சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டபோது அவர் ஏற்ற பட்டம் என்ன தெரியுமா? ஹாம்ஸ்டெட் பிரபு பிட்! லண்டன் ஹாம்ஸ்டெட், கிரனடா ஹாம்ஸ்டெட் இரண்டையும் அப்பட்டத்தில் சேர்த்துக்கொண்டார். தம்மை வேண்டாமென்ற ஊரையும் தம்மைப் பெற்ற ஊரையும் ஒரே பெயரில் கட்டி வைத்தார். 1985-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தலைமைப் பதவியும் அவரைத் தேடி வந்தது. 1994 டிசம்பர் 18-இல் தம் 81-ஆம் வயதில் மறைந்தார்.

ஆனால் இப்பதவிகளை அவர் வெற்றி என்று நான் சொல்லவில்லை. பிரபுக்கள் சபைப் பதவி மேலிருந்து வருவது. மக்கள் கையால் வருவதே பாராளுமன்றப் பதவி. அவ்வகையில் அவர் பெற்ற வெற்றி 1987-இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் டயான் அபட், பால் போட்டெங், பெர்னி கிராண்ட், கீத் வாஸ் ஆகிய நால்வர் தொழிற்கட்சியின் சார்பில் ஒருசேரப் பாராளுமன்றம் புகுந்தனர். முதல் மூவரும் ஆப்பிரிக்க வழியினர்; நான்காமவர் கோவா வழிவந்த இந்தியர். அவர்களுள் டயான் அபட் வென்ற தொகுதி, பிட் நகராட்சியிலே பல்லாண்டு பிரதிநிதித்துவம் வகித்த அதே ஹாக்னி வட்டாரத்தைச் சேர்ந்தது. தம் கண்ணாலேயே அதனைக் காணும் பேறு அவருக்குக் கிட்டிற்று.

1959-இல் ஒருவர் நின்று தோற்றிராவிட்டால் 1987-இல் நால்வர் வென்றிருப்பரா? உறுதியாகச் சொல்ல எவராலும் ஆகாது. ஆனால் ஒரு முகத்தைத் தேர்தல் மேடையில் ஒருமுறை கண்டு பழகிய கண், மறுமுறை அத்துணை மருளாது. பிட் அந்தப் பழக்கத்தைத் தம் தோல்வியால் உண்டாக்கினார்.

எங்கள் பள்ளியில் உலகப் படம் தொங்கும் சுவரில் கிரனடாத் தீவு ஒரு கடுகளவே தெரியும். ஒவ்வோராண்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து அந்தக் கடுகைக் காட்டுகிறேன். அங்கிருந்து சென்ற ஒரு டாக்டரின் கதையைச் சொல்லி, பின்னர் எங்கள் தோட்டத்து டிரசரின் கதையையும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமை பெறும் என்பது என் அனுபவம்.