கார்க் கொட்டகையில் பிறந்த பேச்சு

பிரகடனங்களும் ஒப்பந்தங்களும் ஏடுகளிற் பேணப்படுகின்றன. வேலை முடிந்த மாலைகளில் மனிதர் கூடியிருந்து பேசிக் கலையும் பேச்சை எவரும் பேணுவதில்லை. அது வெறும் பொழுதுபோக்கு, காற்றோடு போவது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் இன்று உலகெங்கும் வீடுகளிற் குடிபுகுந்திருக்கும் தனியாள் கணனி, பெருங் கம்பனிகளின் ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து மாத்திரம் வந்ததன்று. அதன் பிறப்பில் அத்தகைய வம்பளப்புக்கும் பெரும் பங்குண்டு. அப்பேச்சு எங்கே விளைந்தது, விளைச்சலை அறுத்துச் சென்றவர் யார் என்பதை நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

1970களின் தொடக்கத்தில் கணனி என்பது அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய பொருள். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய அமெரிக்க இளைஞருக்கு அது யுத்த இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே தோன்றியது. அவ்வெண்ணம் பிழையென்று சொல்வதற்கில்லை. கணனியின் உயிர்நாடியான ஒருங்கிணைந்த சுற்றுக்களை அக்கைத்தொழிலின் குழந்தைப் பருவத்திலேயே பெருமளவில் வாங்கி அதனை ஊட்டி வளர்த்தவற்றுள் மினிட்மான் ஏவுகணைத் திட்டமும் ஒன்றாகும். ஆனால் அவ்விளைஞருட் சிலர் வேறொரு வழியிற் சிந்தித்தனர். இயந்திரத்தை உடைப்பதா, அல்லது அதனைப் பறித்து மக்களிடம் கொடுப்பதா என்பது அவர்களது கேள்வி.

1973 ஆகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், ஓர் இசைத்தட்டுக் கடையின் வாயிலில், தொலைவிலுள்ள பெரிய கணனியொன்றுடன் இணைக்கப்பட்ட தட்டச்சுப் பொறியை அவர்கள் வைத்தனர். ‘சமூக நினைவகம்’ என்பது அம்முயற்சியின் பெயர். வருவோர் போவோர் எவரும் அதில் ஒரு செய்தியைப் பதியலாம். பிறர் பதிந்ததைத் தேடி வாசிக்கலாம். அமைத்தவர்கள் எதிர்பார்த்தது பண்டமாற்று விளம்பரங்களை. வந்ததோ பேச்சு. நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, கடையின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அதைச் சுடும் விதத்தைக் கற்றுத் தருவதற்கும் ஆள் உண்டு என்று மறுமொழி வந்தது. கேட்டது ரொட்டி, கிடைத்தது தொழில். இதைப் பின்னால் நிகழ்ந்த அனைத்துக்கும் முன்னுரையாகவே நாம் கொள்கிறோம்.

1975 ஜனவரி இதழில் ‘பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்’ என்ற சஞ்சிகை, ‘அல்டெயர் 8800’ என்னும் கணனியைத் தன் அட்டையில் வெளியிட்டது. ஏறத்தாழ 400 டொலருக்கு உதிரிப் பாகங்கள் தபாலில் வரும். வாங்குபவரே பற்றாசு பிடித்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முன்புறத்தில் ஒரு வரிசை ஆளிகள், சில சிறு விளக்குகள், 256 பைட் நினைவகம், அவ்வளவே. தனித்திருந்து கட்டி முடிக்கக் கூடிய பொருளன்று அது. அதற்கு அயலவர் தேவைப்பட்டனர்.

மார்ச் 5ஆந் திகதி, மென்லோ பார்க் என்னும் ஊரில் கோர்டன் பிரெஞ்ச் என்ற பொறியியலாளரின் கார்க் கொட்டகையில் 32 பேர் கூடினர். அழைத்தவர்களில் மற்றவர் பிரெட் மூர். 1959இல், மாணவனாக இருந்தபோதே, கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்துப் பேர்க்லிப் பல்கலைக்கழகப் படிகளில் உண்ணாவிரதம் இருந்தவர் இவர். பின்னர் படைச்சேவையை மறுத்துச் சிறையும் சென்றார். அவர் கேட்டது எளிய விடயம்: உங்களிடம் என்ன இருக்கிறது, என்ன தேவை, எதைப் பிறருக்குக் கொடுக்க முடியும்? இவ்வாறு தோன்றியதே ‘ஹோம்பிரூ’ கணனிக் கழகம்.

விரைவில் கூட்டம் பெருத்து, ஸ்டான்போர்ட் நேர்கோட்டுத் துகள்முடுக்கி நிலையத்தின் மண்டபத்துக்கு மாறிற்று. கூட்டத்தை நடத்தியவர் லீ பெல்சென்ஸ்டைன். சமூக நினைவகத்தை அமைத்தவருள் ஒருவர். முதற்பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து தம் கேள்வியையோ செய்தியையோ வதந்தியையோ சொல்லுவர். அடுத்த பகுதிக்கு ஒழுங்கே இல்லை. வேண்டியவர் வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசுவர், கம்பனி இரகசியங்கள் கைமாறும், சுற்றுப்படங்கள் கைமாறும். இந்த ஒழுங்கின்மையில்தான் கழகத்தின் உயிர் இருந்தது. ஸ்டீவ் டொம்பியர் என்ற உறுப்பினர் ஒருநாள் தமது அல்டெயருக்கு அருகே சிறு வானொலிப் பெட்டியொன்றை வைத்து, ஆளிகளைத் தட்டித் தட்டிச் செய்நிரலைப் புகுத்தினார். கணனியின் மின்னிரைச்சலை வானொலி பற்றி, பீட்டில்ஸ் குழுவின் பாடல் மெட்டாக ஒலித்தது. பயனற்ற வேலைதான். எழுந்து நின்று கைதட்டியவர்கள் அதன் பயனை ஆராய்ந்தார்களா என்ன!

முரண்பாடு பேசிக் மொழி வடிவில் வந்தது. அல்டெயருக்கான பேசிக்கை பில் கேட்ஸ், போல் அலன், மொன்டி டேவிடோப் ஆகியோர் எழுதியிருந்தனர். தனித்து வாங்கினால் விலை 500 டொலர். கம்பனியின் நினைவகப் பலகையோடு வாங்கினால் மிகக் குறைவு. அப்பலகைகளோ ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று பெயரெடுத்தவை. 1975 ஜூன் மாதத்தில், பாலோ ஆல்டோவில் நடந்த ஒரு காட்சியில், அச்செய்நிரல் பதிந்த துளையிட்ட கடதாசி நாடாவொன்று காணாமற் போயிற்று. அடுத்த கழகக் கூட்டத்தில் பெட்டி நிறையப் பிரதிகள் வந்தன. நிபந்தனை ஒன்றே: ஒன்று எடுத்தவர் இரண்டு கொண்டுவர வேண்டும்.

1976 பெப்ரவரி 3ஆந் திகதியிட்டு, இருபது வயது நிரம்பிய கேட்ஸ் கணனி ஆர்வலருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நீங்கள் திருடுகிறீர்கள் என்பது அதன் சாரம். அல்டெயர் வைத்திருப்போரில் பத்திலொரு பங்கினர்கூட விலைகொடுத்து வாங்கவில்லை என்றும், தாம் பயன்படுத்திய கணனி நேரத்தின் பெறுமதி 40,000 டொலருக்கும் மேல் என்றும் அவர் கணக்குக் காட்டினார்.

உழைப்புக்கு ஊதியம் கேட்பதை நாம் ஒருபோதும் குறைகூற மாட்டோம். ஆனால் கணக்கு என்று வந்தபின் அதை முழுமையாகப் பார்ப்பதே முறை. அந்தக் கணனி நேரம் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தினுடையது. அவ்வியந்திரத்துக்குப் பணம் தந்தது பாதுகாப்புத் திணைக்களம், அதாவது வரி செலுத்திய மக்கள். பேசிக் மொழியையும் அவர் படைக்கவில்லை. 1964இல் டார்ட்மத் கல்லூரியில், சாதாரண மாணவரும் கணனியை ஆள வேண்டும் என்ற நோக்குடன் கெமெனியும் கேர்ட்ஸும் ஆக்கி, கட்டணமின்றிப் பிறர் கைக்கு விட்டது அது. பொதுக் கிணற்றில் அள்ளிய நீரைக் குடத்தில் அடைத்துவிட்டு, அயலானைக் கள்வன் என்பது எவ்வகை நியாயம்?

தர்க்கத்தை விடச் சிறந்த மறுமொழியும் வந்தது. பீப்பிள்ஸ் கொம்பியூட்டர் கம்பனி என்ற அமைப்பைச் சேர்ந்த டெனிஸ் அலிசன், சிறிய நினைவகத்துக்குப் பொருந்தும் ‘ரைனி பேசிக்’ ஒன்றின் வரைவை வெளியிட்டு, வாசகர்களையே எழுதி முடிக்க அழைத்திருந்தார். ஊருக்கொருவராக எழுதியனுப்பினர். ரொம் பிட்மன் தம்முடையதை 5 டொலருக்கு விற்றார். லீ-சென் வாங் தமது செய்நிரலின் தலைப்பில், பதிப்புரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ‘வல’த்தை ‘இட’மாக்கி, எல்லா உரிமைகளும் என்று வரவேண்டிய இடத்தில் எல்லாத் தவறுகளும் தமக்கே என்று குறும்பாகப் பொறித்தார்.

எனினும் கொட்டகைக்குள்ளேயே கடைகள் முளைத்தன. ஸ்டீவ் வொஸ்னியாக் தாம் வடிவமைத்த கணனியின் சுற்றுப்படத்தைக் கழகத்தில் இலவசமாக வழங்கினார்; அதே கணனி 1976இல் 666.66 டொலர் விலையில் ‘அப்பிள்’ கம்பனியின் முதற் சரக்காயிற்று. நேற்று எல்லாம் சொன்னவர் இன்று வாய்மூடினார். ஏனென்றால் பக்கத்து இருக்கையில் இருந்தவர் போட்டியாளர்.

கழகத்தவரை வீரர்களாக்கிப் பாடுவதும் நமது நோக்கமன்று. அவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். படித்துச் சம்பளம் பெற்றவர்களே மிகுதி. அவர்கள் பகிர்ந்துகொண்ட சில்லுகளைப் பொருத்திய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை; அதே பள்ளத்தாக்கில் வந்தேறிய பெண்கள், 1972இல் இன்டெல் தொழிற்சாலை திறந்த பினாங்கின் பெண்கள். அந்த மண்டபத்தில் அவர்களுக்கு ஓர் இருக்கை போடப்படவில்லை.

கணனியைப் பற்றி மட்டுமன்றி, மக்கள் ஒருவர்க்கொருவர் உதவுவதைப் பற்றியும் பேச வேண்டும் என்று விரும்பிய பிரெட் மூர், சில மாதங்களுள் கழகத்தை விட்டு நீங்கினார். பேச்சு மேலும் பத்தாண்டு நடந்தது. 1986 மார்ச்சில் மைக்ரோசொப்ட் கம்பனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. அவ்வாண்டு டிசெம்பரில் ஹோம்பிரூ கழகம் கடைசித் தடவையாகக் கூடிற்று.