வழுக்கைக்கு மருந்து வந்த கதை

முடி கொட்டுகிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தண்ணீர் உப்பு, ஷாம்பு சரியில்லை, ஹெல்மெட் சூடு, ராத்திரி கண்விழிப்பு... எங்கள் விடுதி அலமாரிகளில் இருக்கும் எண்ணெய் பாட்டில்களை வைத்து ஒரு கடையே திறக்கலாம். உண்மையான காரணம் எப்படித் தெரியவந்தது என்று தேடிப் படித்தேன். வேடிக்கை என்னவென்றால், முடிக்கு மருந்து தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு எதையோ தேடியவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது!

முதலில் பழைய கதை. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு இவற்றின் கொழுப்பைக் கலந்து வழுக்கையில் தடவச் சொல்லியிருக்கிறது. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் பின்னால் இருந்த முடியை முன்னால் வாரி மறைத்தார் என்றும், தனக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே எப்போதும் இலைக் கிரீடம் அணியும் உரிமையைத்தான் மிகவும் விரும்பினார் என்றும் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பாவம், பெரிய வீரர்தான்.

இந்தப் பழையவற்றில் உருப்படியான குறிப்பு ஒன்றே ஒன்று. விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள நூலில் இருக்கிறது. அது ஏன் என்று சோதித்துப் பார்க்க ஏறக்குறைய 2300 வருடம் ஆனது.

1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் அதைச் செய்தார். விரை நீக்கப்பட்டவர்கள், பிறவியிலேயே ஆண் ஹார்மோன் குறைந்தவர்கள் என 104 பேரை ஆராய்ந்தார். பருவமடையும் முன்பே ஹார்மோனை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவே இல்லை. அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. ஊசியை நிறுத்தியதும் உதிர்வது நின்றது, ஆனால் போன முடி திரும்பவில்லை. ஆக, பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்தால்தான் வழுக்கை. தண்ணீரும் ஹெல்மெட்டும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அடுத்த கதவு டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற ஒரு கிராமத்தில் திறந்தது. அங்கே சில குழந்தைகள் பார்க்கப் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974-ல் இதற்கான காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. பெரியவர்களான பிறகும் அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, நெற்றி ஏறவில்லை. மெர்க் நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் 1 மில்லிகிராம் மாத்திரையாக ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்குப் பாலுறவு தொடர்பான பக்கவிளைவுகள் வருவதுண்டு, ஆகவே டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் அந்த மாத்திரையின் பொடியைக்கூடத் தொடக்கூடாது என்பார்கள். ஏன் தெரியுமா? வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால், சலினாஸ் குழந்தைகளுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரலாம்! யாரோ ஒரு கிராமத்துக் குழந்தைகளின் குழப்பத்தில் இருந்துதான் நம் நெற்றிக்கான மருந்து வந்தது என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

மினாக்சிடில் கதையும் இப்படித்தான். அது அப்ஜான் நிறுவனத்தின் இரத்த அழுத்த மருந்து. 1971 வாக்கில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தபோது நோயாளிகளுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி முளைத்தது. அங்கிருந்த தோல் மருத்துவர் குந்தர் கானும் பால் கிராண்டும் அதைத் தங்கள் கையிலேயே தடவிப் பார்த்தார்கள். நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. நீண்ட வழக்குக்குப் பிறகே கானின் பெயர் காப்புரிமையில் ஏறியது. தலையில் தடவும் மருந்தாக 1988-ல் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது, பெண்களுக்கு 1991-ல்தான்.

பெண்களுக்கு எப்போதுமே இரண்டாவது வரிசைதான். ஹாமில்டன் ஆண்களின் வழுக்கையை வகைப்படுத்தியது 1951-ல். பெண்களுக்கான அளவுகோலை ஜெர்மன் மருத்துவர் லுட்விக் வெளியிட்டது 1977-ல். பெண்களுக்கு நெற்றி ஏறுவது குறைவு, உச்சியில் வகிடு அகலமாகிக்கொண்டே போகும். அதனால் முதலில் யார் கண்ணிலும் படாது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கலாம், இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நம் வீடுகளில் அதற்கு முன்பே எண்ணெய் வந்துவிடுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. பிரசவமோ கடுமையான காய்ச்சலோ வந்தால், நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், 2, 3 மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் 1961-ல் இதை விளக்கி எழுதினார். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று, முடி மறுபடி முளைத்துவிடும். அந்தச் சில மாதத்தில் எந்த எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தோமோ, பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு போகும்.