ஆற்றுக்குப் போன வெந்நீரில் சூடேறும் தேவாலயம்

நமக்கு ஏர்கோன் செலவு என்றால், குளிர்நாட்டுத் தேவாலயங்களுக்கு ஹீட்டர் செலவு. கல்லால் ஆன உயரமான பழைய கட்டடத்தில் எவ்வளவு சூடேற்றினாலும் அது கூரைக்குப் போய்விடும்; கீழே அமர்ந்திருப்பவருக்குக் கால் விறைக்கும்.

இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள பாத் அபே தேவாலயம் இதற்குத் தன் பக்கத்திலேயே விடை கண்டது. இன்றுள்ள கட்டடம் 1499-இல் எழத் தொடங்கியது. அருகிலுள்ள ரோமானியர் குளியல் கூடத்தில் சுமார் 46 பாகை செல்சியஸ் சூட்டில் ஊற்று பொங்குகிறது. நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல். நம் பேராவின் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு புரியும். ரோமானியர் கட்டிய வடிகால் வழியே அது ஏவன் ஆற்றில் வீணாய்க் கலந்து வந்தது.

இப்போது அந்த வடிகாலில் உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. ஊற்றுநீர் தேவாலயத்துக்குள் வருவதில்லை. அதன் சூடு மட்டும் தனிக் குழாய்களில் ஏறி, ஹீட் பம்ப் வழியாகத் தரைக்கடியில் பரவுகிறது. ஹீட் பம்புக்கு மின்சாரம் வேண்டும்தான். ஆனால் அது தின்னும் மின்சாரத்தைவிடத் தரும் சூடு அதிகம்.

தரையை எப்படியும் பெயர்த்தாக வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளாக அடியில் புதைக்கப்பட்ட உடல்கள் மட்கியதில் மண் உள்வாங்கி, 800-க்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள் பதித்த தளம் சரிந்துகொண்டிருந்தது.

சச்சரவும் வந்தது. விக்டோரியா காலத்து மர இருக்கைகளை அகற்றக்கூடாது என மரபுக் காவலர்கள் எதிர்த்தனர். திருச்சபை நீதிமன்றம் அனுமதித்தது. நடுக்கூடத்தில் இன்று நகர்த்தக்கூடிய நாற்காலிகளே உள்ளன.