தீர்ப்பு வந்தும் மகள் வரவில்லை

மாணவர்களே, சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை என்று பெயர்களை மனப்பாடம் பண்ணினால் போதாது. மெர்சிங்கில் என் வகுப்பில் நான் சொல்வது ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு.

2009-இல் மதம் மாறிய கணவர், தாயின் சம்மதமின்றி மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார், கைக்குழந்தையைக் கொண்டுபோய்விட்டார். மதமாற்றச் சான்றிதழ் கொடுத்தது நிர்வாகம். 2016-இல் கணவரைக் கைது செய்யும்படி போலீஸ் படைத் தலைவருக்குக் கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-இல், இப்படிப்பட்ட மதமாற்றத்தைத் தடுக்கும் 88ஏ பிரிவை அரசாங்கம் மீட்டுக்கொண்டது. அது இல்லாமலே நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. 2018 ஜனவரி 29-இல் அந்த மதமாற்றம் செல்லாது என்றது கூட்டரசு நீதிமன்றம்.

அதன் பிறகும் பல ஆண்டுகள் மகள் தாயிடம் வரவில்லை. ஏன் தெரியுமா? நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது; தீர்ப்பைச் செயல்படுத்த வேண்டியது நிர்வாகம். ஒரு துறையின் முடிவை இன்னொன்று மதித்துச் செய்தால்தான் அதிகாரப் பிரிவினைக்கு அர்த்தம். தேர்விலும் இதைச் சேர்த்து எழுதுங்க.